பூ அறையில் வைத்த ஊசி

நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு டிவியை வைத்துவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் பெண்களுக்கு, தங்கள் வயிற்றில் தாங்களே ஊசி போட்டுக்கொள்ள நான் பதினேழு வருடம் சொல்லித்தந்த அறை அது. ஓசூரில் பஸ் சத்தம் கேட்காத ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது. இப்போது அங்கே நான்கு நிமிடப் படம் ஒன்று ஓடுகிறது. படத்தில் வரும் பெண் ஊசி குத்தும்போதும் சிரிக்கிறாள். நிஜத்தில் அப்படிச் சிரித்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிறகு அங்கே இருக்கும் நர்ஸ் கவிதா போன மாதம் வீட்டுக்கு வந்தாள்.

"படத்தைப் பாத்துட்டுப் போறாங்க சிஸ்டர், அப்புறம் ஃபோன் மேல ஃபோன். நீங்க என்னென்ன சொல்லிக்குடுப்பீங்களோ அத்தனையும் எழுதிக் குடுங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் அச்சடிச்சுக் கையில குடுத்துடலாம்" என்றாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான் வந்தது. அந்தப் பக்கத்தின் முதல் வரி எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தாள் மூன்று மொழியிலும் போகட்டும். இது தமிழில் மட்டும் இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தர்மபுரியில் நர்சிங் படித்தேன். காவேரிப்பட்டினத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பதினைந்து வருடம். அங்கே எல்லாம் சத்தம்: அலறல், அழுகை, சொந்தக்காரர்கள் சண்டை, கடைசியில் பிள்ளையின் குரல். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தபோது இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் வாரம் எனக்குப் பயமாகவே இருந்தது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் பேசமாட்டார்கள். பிள்ளை வேண்டும் என்று வந்திருப்பதைப் பக்கத்தில் இருப்பவளிடம்கூடச் சொல்ல வெட்கம். பலர் ஊரில் "தைராய்டுக்குப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

எங்கள் பெரிய டாக்டரம்மா ஒல்லியானவர், குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைப்பார், அவ்வளவுதான். அது போதும், அவரவர் வேலைக்கு ஓடிவிடுவோம். "தோல்வி" என்ற சொல்லை அவர் அறையில் யாரும் சொல்லக்கூடாது. "இந்தத் தடவை வரல" என்றுதான் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் நாள், உப்புத் தண்ணீர் நிரப்பிய ஊசியை என் முன்னால் வைத்து, "உங்க வயித்துல நீங்களே போடுங்க. போட்டா நாளைல இருந்து சொல்லிக்குடுக்கலாம்" என்றார். ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி போட்ட கை. என் வயிற்றுக்கு முன்னால் வந்ததும் பத்து நிமிடம் இறங்கவே இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, குத்துவது ஒன்று, தன்னைத் தானே குத்திக்கொள்வது வேறொன்று.

சிகிச்சை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு கருமுட்டை வளரும் உடம்பில், ஹார்மோன் மருந்து கொடுத்துப் பல முட்டைகளை ஒரே சமயத்தில் வளர்த்து, வெளியே எடுத்துக் கருவாக்கப் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள், தினமும் ஒரே நேரத்தில் ஊசி. மருந்து பேனா வடிவத்தில் வரும். அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் டிக் டிக் என்று அளவு ஏறும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மடிப்பைக் கிள்ளிப் பிடித்து, நேராக இறக்கி, அமுக்கி, பத்து எண்ணி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. இன்று வலது பக்கம் என்றால் நாளை இடது பக்கம். குளிர்ந்த மருந்து உள்ளே போகும்போது சுரீர் என்று இருக்கும். அதனால் எடுத்ததும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்ளச் சொல்வேன். சாமி பேரைச் சொல்லி எண்ணுகிறவர்கள் உண்டு, மாமியாரைத் திட்டி எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் எனக்கு எதுவும் சம்மதம்.

இரண்டாம் ஷிஃப்ட் போகும் பெண் ஒருத்தி, டிபன் டப்பாவில் மோர் பாக்கெட்டுக்கு நடுவில் பேனாவை வைத்துக் கொண்டுபோய், கம்பெனிக் கழிப்பறையில் நின்றபடியே பதினோரு நாளும் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "அவரே போடட்டும் சிஸ்டர், பிள்ள அவருக்குந்தான" என்று புருஷனைக் கூட்டி வந்தாள். ஊசியின் மூடியைக் கழற்றியதும் அந்த மனிதர் நாற்காலியோடு சரிந்துவிட்டார். அவருக்கு முகம் துடைத்துவிட்டு அவள் தானே போட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்தது. இந்தக் கதைகளை நான் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். மஞ்சுளா கதையைச் சொன்னதில்லை.

மஞ்சுளா நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தளிப் பக்கம் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். தளி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் முனிராஜ். வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம், எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பண்ணையில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் ஷெட்டில் நின்று மொட்டுகளைத் தரம் பிரிப்பாள். வெட்டிய பூக்களை அடுக்கி வைக்கும் குளிர் அறை அவர் பொறுப்பு. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம்.

முதல் ஊசியை என் அறையில் என் முன்னால் போட்டாள். கை தயங்கவில்லை. "முள்ளுலயே கெடக்கற கைங்க இது" என்றாள். முனிராஜ் பக்கத்தில் நின்று அவளைவிட அதிகமாக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மருந்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது, மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

"கோல்டு ரூம்ல வெச்சிடறேன் சிஸ்டர். பவர் கட் ஆனாலும் ஜெனரேட்டர் இருக்குது. சாய்ந்திரம் ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சதும் மஞ்சு அங்கயே போட்டுக்கும்" என்றார் முனிராஜ்.

"அதைவிட நல்ல இடம் ஏது தம்பி. எவ்வளவு குளிர்ச்சியா வெக்கறீங்களோ அவ்வளவு நல்லது" என்றேன்.

இதை நான் அவருக்கு மட்டும் சொல்லவில்லை, வந்த எல்லோருக்கும் சொன்னேன். நான் காவேரிப்பட்டினத்து வெயிலில் வேலை பார்த்தவள். என் கணக்கில் மருந்துக்கு ஒரே எதிரி சூடுதான். தகர வீடு, கரண்ட் போகும் ஊர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். என் எச்சரிக்கை எல்லாம் அதைப் பற்றித்தான். மருந்து உறைந்துவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தடுப்பூசி விஷயத்தில் பரீட்சைக்கே படித்தது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் யார் வீட்டில் மருந்து உறையப்போகிறது என்று அந்த வரியை நான் சொல்வதே இல்லை.

அது ஜனவரிக் கடைசி. பிப்ரவரி நடுவில் ஊர் ஊராக ரோஜா போகும் காலம் என்பதால் பண்ணையில் மூச்சு விட நேரமில்லை. மஞ்சுளா ஷெட்டிலிருந்து நேராக ஸ்கேனுக்கு வருவாள், தலைமுடியில் இலைத் துணுக்கு ஒட்டியிருக்கும். முதல் ஸ்கேனில் சின்னதாக ஐந்தாறு முட்டை தெரிந்தது. இரண்டாம் ஸ்கேனில் அதே அளவு. டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். புதிய பேனாக்களையும் நான்தான் ஐஸ் பையில் வைத்து முனிராஜ் கையில் கொடுத்தேன். மூன்றாம் ஸ்கேனிலும் ஒன்றும் வளரவில்லை. முட்டை வளரும் சினைப்பை தூங்குவது போல இருந்தது. ரத்தத்தில் ஹார்மோனும் ஏறவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கோபம் இல்லை, குழப்பம். ஆரம்பப் பரிசோதனையெல்லாம் நன்றாக இருந்த பெண் அவள்.

"மருந்து எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"கோல்டு ரூம்ல மேடம்" என்றார் முனிராஜ். "ஃபேனுக்கு நேர் எதிர் தட்டு. அங்க யாரும் எதையும் வெக்கமாட்டாங்க, கை படாது. ஒரு நாள்கூட சூடு படல."

"எத்தனை டிகிரி?"

"ரெண்டு மேடம். செவுத்துல மீட்டரு இருக்குது, நாந்தான் தினம் எழுதறேன்."

டாக்டரம்மா தலையை ஆட்டினார். இரண்டு டிகிரி சரியான அளவுதான். பக்கத்தில் நின்ற நானும் சேர்ந்துகொண்டு, "நம்ம ஃப்ரிட்ஜைவிட நல்லா வெச்சிருக்காங்க டாக்டர்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மஞ்சுளா அந்த நேரம் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை வரல. இவ்வளவு மருந்துக்கும் சினைப்பை அசையவில்லை என்றால், மறுபடி போட்டாலும் பலன் இருக்குமா என்று சொல்வதற்கில்லை. வேறொரு பெண்ணின் கருமுட்டையை வாங்கிச் செய்யலாம், யோசித்துவிட்டு வாருங்கள். மஞ்சுளா எழுந்து கும்பிட்டாள். "எங்கிட்டதான் கொறைன்னு தெரிஞ்சிப்போச்சு, விடுங்க மேடம்" என்றாள். முனிராஜ் அழுதார். அவள் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள். பிறகு வரவில்லை.

அடுத்த வருடம் கோடையில் எங்கள் ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் ஏதோ கோளாறு. மருந்து எடுக்கப் போனேன். பின்சுவரை ஒட்டியிருந்த பெட்டியில் பனி பிடித்திருந்தது. மீட்டரில் நான்கு டிகிரி காட்டியது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அந்த வரிசை முழுவதையும் குப்பையில் போட்டார்.

"உறைஞ்சு உருகினா மருந்துல ஒண்ணுமே இருக்காது சிஸ்டர். பாக்க தெளிவாத்தான் இருக்கும், தண்ணியத்தான் குத்திக்கிட்டிருப்பாங்க. மீட்டர் நடுவுல இருக்கறதத்தான் காட்டும். குளிர் வர்ற எடத்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

ஃபேனுக்கு நேர் எதிர் தட்டு. முனிராஜின் குரல் அப்படியே காதில் கேட்டது. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா, "பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மஞ்சுளாவின் ஃபைலைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்தில், மருந்துக்குச் சினைப்பை செயல்படவில்லை என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே போய், நான் சொல்லித்தந்ததில் தவறு நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றுவார். வேலையைவிட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார். என் பெண்ணுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றேன், பிறகு ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் இதுதான், நல்ல வார்த்தை போட்டு மூட முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஃபைலில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். முனிராஜ் எடுத்தார். "சிஸ்டர்! நல்லா இருக்கீங்களா? மஞ்சு ஷெட்டுக்குள்ள இருக்குது, கூப்பிடட்டா?" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். "இல்ல தம்பி, சும்மாதான், வேற நம்பருக்குப் போட்டேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடவில்லை. அவள் ஃபோன் வரட்டும் என்று இருந்தேன், வரவில்லை. அதன்பிறகு வந்த ஒவ்வொருத்தியிடமும் முதல் வார்த்தையாக மருந்து உறையக் கூடாது என்று சொன்னேன். அதனால் மஞ்சுளாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஓய்வு பெற்று நான்கு மாதம் கழித்துத் தளி பஸ் ஏறினேன். அவள் ஊசி போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. பண்ணையில் விசாரித்தால், இருவரும் வேலையை விட்டு அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் செவ்வந்தி போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மாமியார் இறந்துவிட்டாராம். மஞ்சுளா தோட்டத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. வரப்பில் சாக்கு விரித்து உட்காரவைத்தாள். முனிராஜ் செடிக்கு மருந்து வாங்க ஓசூர் போயிருக்கிறார் என்றாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். "மஞ்சுளா, உன் உடம்புல குறையே இல்லம்மா. மருந்து உறைஞ்சுபோச்சு. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லதுன்னு நாந்தான் தப்பா சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் சிஸ்டர்" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது உண்மைதானா என்று இருந்தது.

"நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ பேனாவுக்குள்ள பனி கட்டியிருந்துச்சு. நீங்கதான கையில மூடி வெச்சுக்க சொன்னீங்க, மூடி வெச்சேன், கரைஞ்சிப்போச்சு, போட்டுக்கினேன். அப்ப தோணல. டாக்டரம்மா எங்க வெச்சீங்கன்னு கேட்டாங்க பாருங்க, இவரு ஃபேனுக்கு எதிர்லன்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் திக்குன்னுச்சு. அந்தத் தட்டுல பூவே வெக்கமாட்டோம் சிஸ்டர். ஃபேன் காத்து அடிச்ச மொட்டு பாக்க புதுசாத்தான் இருக்கும், தண்ணில போட்டா விரியாது. நான் அத எத்தன கூடை தள்ளி வெச்சிருக்கேன். பூ வெக்காத எடம், யாரும் தொடமாட்டாங்கன்னு நெனச்சுதான் இவரு வெச்சாரு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"எப்பிடி சொல்றது? இவரு பக்கத்துல நின்னுக்கினு இருக்காரு. தினம் அஞ்சு தடவ உள்ள போயி பாத்துட்டு வருவாரு, பெட்டி பத்திரமா இருக்குதான்னு. தன் கையாலதான் கெட்டுதுன்னு தெரிஞ்சா இவரு இருப்பாரா? எங்க மாமியா வேற, ஒரு நா தெரிஞ்சா சும்மா உடுமா? எங்கிட்ட கொறைன்னா நான் தாங்கிக்குவேன். அப்பவே பன்னெண்டு வருஷமா கேட்டுக்கினுதான இருந்தேன்."

ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரலில் அதுவரை இல்லாத ஒரு கடுமை வந்தது.

"நான் என்னா நெனச்சேன் தெரியுமா சிஸ்டர்? டாக்டரம்மா படிச்சவங்க, நீங்க அனுபவஸ்தருங்க, நீங்களா கண்டுபிடிச்சு கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். 'மருந்துல ஏதோ கோளாறு, இன்னொரு தடவ வாங்க'ன்னு பொதுவா ஒரு வார்த்த. அப்பிடி வந்தா இவரு மேல பழி வராது இல்ல? எங்கப்பா அப்ப உசுரோட இருந்தாரு, தோப்ப வித்தாவது பண்ணலாம்னாரு. எனக்கும் வயசு இருந்துச்சு. ஒரு வருஷம், ஒன்றர வருஷம் பாத்துக்கினு இருந்தேன். ஒரு நா ஃபோன் வந்துச்சாம். இவரு ஓடி வந்து சொன்னாரு. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள வெச்சிட்டீங்களாம்."

அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. அது நியாயம்தான். நான் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. "இவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

முனிராஜ் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்தார். "ரண்டி சிஸ்டர், ரண்டி! வாங்க வாங்க, எவ்ளோ நாளாச்சு!" தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"அது அதிர்ஷ்டம் இல்ல சிஸ்டர், என்னா பண்றது. ஆனா ஒண்ணு, நீங்க சொன்னது சொன்ன மாதிரியே வெச்சேன். ஒரு நாள்கூட சூடு படல. இன்னிக்கும் மஞ்சுகிட்ட சொல்லுவேன், நம்ம பக்கம் தப்பு இல்ல, அது போதும்னு. சரிதான சிஸ்டர்?"

மஞ்சுளா காபி டம்ளரோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அசையவில்லை.

"சரிதான் தம்பி. நீங்க நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. உங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவர் மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, சிஸ்டரே சொல்லிட்டாங்க" என்றார். அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

முனிராஜ் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால்தான் இது தமிழில் மட்டும்.

கவிதா, தாளின் முதல் வரியை மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் போடு: மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக் கூடாது. இன்னொன்று உனக்கு மட்டும், அச்சடிக்க வேண்டாம். நம் பக்கம் தவறு என்று தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடு. வேறு யார் எடுத்தாலும் அவள் கை கழுவிவிட்டு வரும்வரை ஃபோனை வைக்காதே.